ஏழாவது கேள்வி

அந்தப் பேப்பர அப்பிடிச் சுருட்டாதீக தம்பி. கசங்கிப்போச்சுன்னா உள்ள இருக்குற டாக்டரம்மா வாசிக்க முடியாம மறுபடியும் ரத்தம் கொடுத்துட்டு வான்னு அனுப்பிருவாக. இங்கிட்டுக் கொடுங்க, பாக்குறேன். சும்மா கொடுங்க. நான் ஒண்ணும் வழிப்போக்கன் இல்ல, இந்த பெஞ்சுல ஒம்பது மாசமா உக்காந்திருக்கேன். வாட்ச்மேன் எனக்கு வணக்கம் வெச்சுட்டுப் போனானே, பாக்கலையா?

டோக்கன் என்ன? எம்பத்தாறா? இப்பத்தான் நாப்பத்தொண்ணு உள்ள போகுது. மத்தியானச் சாப்பாடு தாண்டித்தான் உங்களக் கூப்பிடுவாக. நேரம் கெடக்கு.

இருங்க, கண்ணாடியப் போட்டுக்கிறேன். ம். எச்.பி.எஸ்.ஏ.ஜி., ரியாக்டிவ். இந்த ஒத்த வரியப் பாத்துட்டுத்தான மூஞ்சி இப்பிடி இருண்டு கெடக்கு? பி காமாலைக் கிருமி உடம்புல இருக்கான்னு கேட்டா, ஆமா இருக்குன்னு சொல்ற பதில் இது. அம்புட்டுத்தான். இருக்குறது வேற, ஆட்டம் போடுறது வேற. அடுத்த வரியப் பாருங்க. எச்.பி.இ.ஏ.ஜி., நான்-ரியாக்டிவ். கிருமி ஆட்டம் போடலன்னு அர்த்தம். நல்லது. அதுக்குக் கீழ ஆன்ட்டி எச்.பி.இ., ரியாக்டிவ். பதறாதீக, இந்த எடத்துல ரியாக்டிவ்னு வந்தா நல்லதுதான். எஸ்.ஜி.பி.டி. இருபத்தெட்டு. ஈரல் கலங்கல.

இதுதான் முக்கியம், கடைசித் தாளு. டி.என்.ஏ. மத்த டெஸ்டெல்லாம் இருக்கா இல்லையான்னு சொல்லும், இதுதான் ஒரு மில்லி ரத்தத்துல எம்புட்டு இருக்குன்னு கணக்குச் சொல்லும். உங்களுக்கு அறுநூத்தி நாப்பது. அட, இதுக்கா இப்பிடி உக்காந்திருக்கீக? கோடியில வந்தவனையெல்லாம் பாத்தவன் நான். ரெண்டாயிரத்துக்குக் கீழ இருந்து, ஸ்கேனும் நல்லா இருந்தா, பெரும்பாலும் இப்பைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாசத்துக்கு ஒருக்க வந்து காட்டுன்னுதான் சொல்வாக. ஆனா வரணும். நல்லாத்தான இருக்கேன்னு வராம இருந்துரக் கூடாது. நான் டாக்டர் இல்ல, உள்ள என்ன சொல்றாகளோ அதான் சரி.

வீட்டுல தட்டு, தம்ளர் எல்லாம் தனியா எடுத்து வெச்சுட்டாகளா? அதான பாத்தேன். சோத்துல ஒட்டாது, தண்ணியில ஒட்டாது, பக்கத்துல படுத்தா ஒட்டாதுன்னு போய்ச் சொல்லுங்க. ரத்தத்துலதான் வரும். புருசன் பொண்டாட்டிக்குள்ள வரும், பெத்தவகிட்டருந்து பிள்ளைக்கு வரும். சம்சாரத்தையும் பிள்ளைகளையும் கூட்டிட்டு வந்து டெஸ்ட் எடுங்க. இல்லாதவுகளுக்குத் தடுப்பூசி இருக்கு, மூணு ஊசி, முடிஞ்சது சோலி.

எப்பிடி இம்புட்டும் தெரியும்னு பாக்கீகளா? நான் கம்பவுண்டர். பேரு பொன்னுலிங்கம். ஆனா பேரச் சொன்னா எங்க ஊருல ஒருத்தனுக்கும் தெரியாது, கம்பவுண்டர்னாத்தான் தெரியும். கீழப்புதூர். பஸ்ஸுல ஒண்ணரை மணி நேரம். தாமோதரன் டாக்டர்னு ஒரு மகராசன் அங்க கிளினிக் வெச்சிருந்தாரு. அவருகிட்ட இருவத்திரெண்டு வருசம். அவரு செத்த பெறகு எங்க வீட்டு முன்கூடத்துலயே ஒரு ஒம்பது வருசம். நான் வேண்டாம்னாலும் சனம் விட்டாத்தான? டாக்டரு சீட்டு எழுதுறப்பவே கேப்பாக, ஊசி கம்பவுண்டர்தான போடுவாருன்னு. கைராசிக்காரன்னு பேரு. பக்கத்து ஊருல எம்.டி. படிச்ச டாக்டர் வந்து போர்டு மாட்டுனாரு, ஈ ஓட்டுனாரு. எங்க வாசல்ல வண்டி கட்டிக்கிட்டு வந்து நின்னாக.

அதுலயும் ஒரு கண்ணாடி ஊசி இருந்துச்சு. தடிச்ச கண்ணாடி, அஞ்சு மில்லி, பிடிக்கிற எடத்துல பித்தளை வளையம். பெறகு பிளாஸ்டிக் ஊசி வந்துச்சுல்ல, ஒருத்தருக்குப் போட்டா தூக்கி எறியுறது? நானும் வாங்கி வெச்சேன். சனம் ஒத்துக்கிடல. பிளாஸ்டிக் கேக்க மாட்டேங்குது கம்பவுண்டரே, அந்தக் கண்ணாடியிலயே போடுங்கன்னு நின்னாக. ஒரு கெழவி பிளாஸ்டிக்கக் கண்டதும் சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. என்ன செய்யச் சொல்றீக? கேட்டதக் கொடுத்தேன்.

சரி, அத விடுங்க. நான் சொல்ல வந்தது வேற. ஊருன்னா நன்றி வேணுமா வேண்டாமா தம்பி?

போன பங்குனிக்கு எங்க ஊரு பள்ளிக்கூடத்து நூறாவது ஆண்டு விழா. ரத்த தானம் வெச்சாக. கொடுத்தது அறுவது பேரு. ஆறு பேரு ரத்தத்துல பி காமாலைக் கிருமி இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாக. ஆறு பேரும் எங்க தெருவு. அடுத்த மாசம் சுகாதாரத் துறையில இருந்து வேன் போட்டு வந்துட்டாக. ஊரையே வரிசையில நிக்க வெச்சு ரத்தம் எடுத்தாக. நானூத்திச் சொச்சம் பேருல முப்பத்தேழு பேருக்கு இருந்துச்சு.

அன்னைக்கு ஊரு பட்ட பாடு இருக்கே! எயிட்ஸுன்னு ஒருத்தன் சொல்றான், சாமி குத்தம்னு ஒருத்தி சொல்றா. நான்தான் வீடு வீடாப் போயி இது எயிட்ஸு இல்ல, மருந்து இருக்குன்னு ஆத்துனேன். நாப்பது வயசுக்கு மேல உள்ளதுகதான் முக்காவாசி. சின்னப் பிள்ளைககிட்ட இல்ல. திருவிழாவுல பச்ச குத்துற மிசினோட ஒருத்தன் வருவான், ஒரே ஊசியில அம்புட்டுப் பேருக்கும் குத்துவான். அவனாத்தான் இருக்கும்னு நான் சொன்னேன். இந்த வருசம் வந்தவன வெரட்டி விட்டுட்டோம். அழுதுக்கிட்டே போனான்.

முப்பத்தேழு பேரோட ஃபைலும் எங்கிட்டத்தான். யாருக்கு எப்ப டி.என்.ஏ. எடுக்கணும், யாருக்கு மாத்திரை, யாருக்கு வெறும் ஸ்கேன், அம்புட்டும் மனப்பாடம். இந்த ரிப்போர்ட்ட வாசிக்க இங்க இருக்குற நர்ஸம்மாகிட்ட உக்காந்து படிச்சேன், எழுவத்தொரு வயசுல. யாருக்காக? ஊருக்காகத்தான.

அப்பிடிப்பட்டவனுக்கு அவுக பண்ணுனதக் கேளுங்க. ரிசல்ட்டு வந்த பெறகு மறுபடியும் வேன் வந்தப்ப ஒரு டாக்டரம்மா, இதா இந்த ரூம்ல இருக்காகளே, அவுகதான், அந்த முப்பத்தேழு பேருல ஒவ்வொருத்தருக்கும் ஒரு படிவம் வெச்சு எழுதுனாக. பன்னெண்டு கேள்வி. ஆப்பரேசன் பண்ணிருக்கா, ரத்தம் ஏத்திருக்கா, பச்ச குத்திருக்கான்னு போகும். ஏழாவது கேள்வி, முன்னாடி ஊசி போட்டிருக்கீங்களா, எங்க, யாரு போட்டது. நான் பக்கத்து மேசையில உக்காந்து பேரு வயசு எழுதிக் கொடுத்துக்கிட்டு இருக்கேன். எல்லாம் காதுல விழுகுது.

மொதல்ல வந்தது கந்தையா. வண்டிப்பேட்டைக் கந்தையா, எங்க செட்டு. எம்பத்தாறுல காச நோயி வந்து எலும்பும் தோலுமாக் கெடந்தான். தெனம் ஒரு ஸ்ட்ரெப்டோமைசின், தொண்ணூறு நாளு, தொண்ணூறும் இந்தக் கை போட்டது. அவன் அந்த அம்மாகிட்ட என்ன சொல்றான் தெரியுமா? "ஊசின்னாலே எனக்குப் பயம் தாயி, ஒண்ணுகூடப் போட்டது கெடையாது" அப்பிடின்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என்னையப் பாக்காம வெளிய போயிட்டான்.

அடுத்து வந்தவளும் அப்பிடித்தான். ஞாபகம் இல்ல. அதுக்கடுத்து வந்தவன், ஊசி போட்டேன், ஆனா மெட்ராசுலன்னான். அவன் திருமங்கலம் தாண்டுனது இல்ல. முப்பத்தேழு பேரு தம்பி! ஒருத்தன், ஒரே ஒருத்தன், எங்க கம்பவுண்டர் போட்டாருன்னு சொல்லல. பக்கத்துலதான உக்காந்திருக்கேன், கையக் காட்டி இவருதான்னு சொன்னா வாயி வெந்தா போயிரும்? வீட்டுக்குப் போயி சாப்பிடல நான். ஊரு ஏசுனாலும் தாங்கிக்கலாம், இல்லவே இல்லன்னு சொன்னா எப்பிடி? நன்றி கெட்ட பயலுகன்னு வீட்டுக்காரிகிட்டப் பொரிஞ்சு தள்ளுனேன். அவ "சும்மா கெடங்க" அப்பிடின்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. ஒம்பது மாசமா இது என் நெஞ்சுல முள்ளாத் தச்சுக் கெடக்கு.

ஊருல எனக்கு ரொம்ப வேண்டியவ சடையம்மா. அவ மகன் இருளப்பன் இப்ப இதே ஆஸ்பத்திரியில மூணாவது மாடியில கெடக்கான். முப்பத்தெட்டு வயசு. ரெண்டு பொம்பளப் பிள்ளைக. மில்லுல சூப்பர்வைசர். எட்டு மாசக் கைக்குழந்தையா இருந்தப்ப அவனுக்குச் சளி கட்டி, நெஞ்சு உள்ள இழுத்து, ஒதடு நீலமாப் போயிருச்சு. தாமோதரன் டாக்டரே தலைய ஆட்டிட்டாரு. பென்சிலின் எழுதிக் கொடுத்து, பாப்போம்னு மட்டும் சொன்னாரு. நாலு நாளு, காலையும் சாயங்காலமும், எட்டு ஊசி. அஞ்சாம் நாளு பிள்ள பால் குடிச்சான். சடையம்மா என் கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டு அழுதா. அன்னையிலருந்து அவ வீட்டு மொதப் பொங்கல் எனக்குத்தான் வரும். அவன் என்னைய மாமான்னுதான் கூப்பிடுவான்.

அந்த இருளப்பனோட டி.என்.ஏ. மொத ரிப்போர்ட்டு பதினேழு கோடி. நான்தான் வாசிச்சேன், ஒவ்வொரு எலக்கமா எண்ணி எண்ணிப் பாத்தேன். உடனே மாத்திரை ஆரம்பிச்சாக. ஒழுங்காச் சாப்பிட்டான், ஒரு நாளு விடல. ஆறாவது மாசம் எடுத்தா, டி.என்.ஏ. தென்படலன்னு வந்துச்சு. நான் இந்த வராண்டாவுல அம்புட்டுப் பேருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தேன். அப்பத்தான் அந்த டாக்டரம்மா என்னையக் கூப்பிட்டு உக்கார வெச்சுச் சொன்னாக. பெரியவரே, டி.என்.ஏ. எறங்குனது மாத்திரையால. கிருமி பதுங்கியிருக்கு, போயிரல. அவர் ஈரல் அதுக்கு முன்னாடியே முப்பது வருசமாச் சுருங்கிருச்சு, ஸ்கேன்ல கட்டியும் தெரியுதுன்னாக. மிட்டாய் பாக்கெட்டு கையிலயே இருக்கு தம்பி. ஒரு வருசம் முன்னாடி வந்திருந்தாக்கூட வேற மாதிரி இருந்திருக்கும்னாக.

அவனுக்கு எங்கிட்டிருந்து வந்துச்சுன்னுதான் எனக்குப் பிடிபடல. கைக்குழந்தையில ஏறுனா இந்தக் கிருமி போகாது, நூத்துல தொண்ணூறு பேருக்கு உடம்போட தங்கிரும். பெரிய ஆளுக்கு ஏறுனா பெரும்பாலும் தானாப் போயிரும். இது நான் படிச்சது. அப்ப இருளப்பனுக்குக் கைக்குழந்தையில வந்திருக்கணும். பெத்தவகிட்டருந்துதான் வரணும். ஆனா சடையம்மாவுக்கு டெஸ்ட் எடுத்தாச்சு, அவளுக்கு இல்ல. எப்பவும் வந்ததும் இல்ல, அதுக்கும் ஒரு டெஸ்ட் இருக்கு. அப்பனுக்கும் தம்பிக்கும் இல்ல. பச்ச குத்திருக்கான்னா, எட்டு மாசப் பிள்ளைக்கு எவன் பச்ச குத்துவான்? இதையே போட்டு மண்டைய ஒடைச்சுக்கிட்டு இருந்தேன்.

இன்னைக்குக் காலையில நடந்ததச் சொல்றேன். இருளப்பன் வார்டுக்கு மாறுனதால புது ஃபைல் போட்டாக. சடையம்மாவையும் என்னையும் உள்ள கூப்பிட்டாக. அந்த அம்மா மறுபடியும் மொதல்லருந்து கேட்டாக. ஏழாவது கேள்வி வந்துச்சு. "உங்க மகனுக்குச் சின்ன வயசுல ஊசி எதுவும் போட்டிருக்கீங்களா?" சடையம்மா கண்ணு இமைக்காமச் சொல்றா, "இல்லம்மா. எம் பிள்ளைக்கு ஒரு தலைவலிகூட வந்தது இல்ல."

எனக்குப் பொறுக்கல. எந்திரிச்சே நின்னுட்டேன். "ஏ சடையம்மா, வாயி கூசாமப் பொய் சொல்றியே! எட்டு ஊசி! இந்தக் கையால! நான் போடலேன்னா இவன் இன்னைக்கு இருந்திருப்பானா?" அப்பிடின்னேன். சடையம்மா என் வேட்டியப் பிடிச்சு இழுக்கா, உக்காருங்க உக்காருங்கன்னு. நான் கேக்கல. ஒம்பது மாசத்து ஆத்தாமை.

அந்த அம்மா பேனாவ எடுத்தாக. "சொல்லுங்க பெரியவரே"ன்னாக. எப்பேர்ப்பட்ட மரியாதை! நானும் சொன்னேன். காலையில ஒரு தடவ ஊசியக் கொதிக்க வைப்போம், சாயங்காலம் ஒரு தடவ. நடுவுல?ன்னு கேட்டாக. நடுவுல ஸ்பிரிட்டுப் பஞ்சால தொடைப்போம், காய்ச்சக் காலத்துல ஒரு வேளைக்கு நாப்பது பேரு நிப்பாக, எங்கிட்டுக் கொதிக்க வைக்க? ஒரே ஊசியான்னாக. ராசியான ஊசி அது ஒண்ணுதானன்னேன். அந்த எட்டு ஊசி போட்டப்ப கிளினிக்ல வேற யாரு வந்துக்கிட்டு இருந்தாங்க, ஞாபகம் இருக்கான்னாக.

எனக்கா ஞாபகம் இருக்காது? பெருமையாத்தான் சொன்னேன் தம்பி. கார்த்திகை மாசம், அடைமழை. கந்தையாதான் எப்பவும் வரிசையில மொத ஆளு. அவனுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் போட்டு, பஞ்சால தொடைச்சுட்டு, அழுகுற பிள்ளைய மொதல்ல கொண்டாங்கன்னு நானே கையத் தட்டிக் கூப்பிடுவேன். நாலு நாளும் அப்பிடித்தான். பெரியவுக நிக்கட்டும், பச்சப்பிள்ளைக்குப் போட்டுருவோம்னு. அதுக்குப் பெறகுதான் மத்தவுக.

சொல்லி முடிச்சுட்டேன். அந்த அம்மா எழுதல. பேனாவ மூடி மேசையில வெச்சுட்டாக. என்னையத் திட்டலாம்ல? திட்டல. "கந்தையாவோட ஃபைலும் உங்ககிட்டத்தான இருக்கு பெரியவரே?"ன்னு மட்டும் கேட்டாக. ஆமான்னேன். கையிலதான் வெச்சிருந்தேன். ரியாக்டிவ். அது எனக்குத் தெரியும். அவன் சம்சாரத்துக்கும் ரியாக்டிவ். அம்புட்டும் தெரியும் எனக்கு.

வெளிய வந்ததும் சடையம்மா தலையில அடிச்சுக்கிட்டா. "இப்பிடிப் போட்டு ஒடைச்சுட்டீகளே! ஊரே மந்தைத் திடல்ல கூடி, அம்மன் மேல சத்தியம் பண்ணி வெச்சிருந்தோமே, கம்பவுண்டர் பேர எவனும் எடுக்கக் கூடாதுன்னு. முப்பத்தேழு வாயையும் கட்டி வெச்சோம், உங்க ஒரு வாயக் கட்ட முடியலையே!"

நான் கேட்டேன், உங்களுக்கெல்லாம் எப்பத் தெரியும்னு. ரிசல்ட்டு வந்த அன்னைக்கேன்னா. ரிசல்ட்டு வாங்க வரிசையில நின்ன முப்பத்தேழு மூஞ்சிகளப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சாம். எல்லாம் எங்க வாசல்ல நின்ன வரிசைதானாம். வீட்டுக்காரிக்கும் தெரியுமாம். எனக்கு மட்டும் தெரியல. தெரியலையா, தெரிஞ்சுக்கிடலையான்னு என்னையக் கேக்காதீக தம்பி. எனக்கு அசதியா இருக்கு. நல்ல மனுசன்தான் நான். வேணும்னு ஒரு எறும்பக்கூட நசுக்குனது இல்ல. டாக்டரு சொன்னபடி கொதிக்க வெச்சேன், சனம் கேட்டதப் போட்டேன். அந்தப் பச்ச குத்துறவன் வேற அழுதுக்கிட்டே போனான்.

நன்றி கெட்டவகன்னு ஒம்பது மாசமா ஏசுனேனே. அவுக என்னையக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்காக. என் ஃபைலா? நானும் டெஸ்ட் எடுத்தேன். எனக்கு இல்ல. ஒண்ணுமே இல்ல. ஊசி போட்டுக்கிட்டாத்தான வரும்? நான் போட்டுவிட்டவன்தான. எனக்கும் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

மேல இருளப்பனுக்கு இன்னைக்கு வயித்துத் தண்ணி எடுக்கணும். பெரிய ஊசி. பயல் சின்னப் பிள்ளையாட்டம் அடம் பிடிக்கானாம். கம்பவுண்டர் மாமா வந்து கையப் பிடிச்சுக்கிட்டாத்தான் போட விடுவேங்கானாம். நர்ஸம்மாவும் அந்தப் பெரியவர வரச் சொல்லுங்கன்னுட்டாக. சடையம்மா ரெண்டு தடவ எறங்கி வந்து கூப்பிட்டுட்டா.

அவனுக்கு விசயம் தெரியுமான்னு கேட்டேன். தெரியாம இருக்கணும்னு நெனச்சுத்தான் கேட்டேன். அவ சொல்றா, "அவன்தானய்யா மந்தையில மொத ஆளா எந்திரிச்சுச் சத்தியம் பண்ணுனது."

அங்கன பாருங்க, படிக்கட்டுல. பச்சைச் சேலை. அவதான், மறுபடியும் வந்துட்டா, என்னையத்தான் தேடுறா. இந்தத் தூணு மறைக்குது, அதான் கண்ணுல படல. தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஒரு எட்டு போயி அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. கம்பவுண்டர் ஊருக்குப் பஸ் ஏறிட்டாருன்னு சொல்லுங்க.